பிடி அரிசி நன்கொடை இல்லீங்க, வரி!

ஜூலை 15 வந்தாலே எனக்கு லேசா வயித்தைக் கலக்கும். காமராஜர் மேல மரியாதை இல்லாம இல்ல. விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கு அது ரத்தத்துலயே இருக்கு. பயமெல்லாம் அன்னிக்கு வர்ற வாட்ஸப் ஃபார்வர்டு மேலதான்.

இந்த வருஷமும் நாலு குரூப்புல ஒரே சரக்கு. சாராம்சம் இதுதான்: அந்தக் காலத்துல விருதுநகர்ல ஊர்ப் பெரியவங்க அரசாங்கத்தை எதிர்பார்க்கலை. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி தாங்களே பள்ளிக்கூடம் நடத்தினாங்க. காமராஜரும் அங்கதான் படிச்சார். ஆகவே இப்பவும் அரசாங்கம் பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம். தர்மவான்கள், டிரஸ்டுகள், கம்பெனிகள் கையில கொடுத்துட்டா அவங்க பார்த்துப்பாங்க.

முதல் மூணு வரி உண்மை. கடைசி ரெண்டு வரி அந்த உண்மையோட கழுத்தை நெரிக்கிற வேலை. நான் ஆமத்தூர்க்காரன். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவுல இருக்கிற ஊர். அந்தப் பள்ளிக்கூடத்துக் கதையோட முதல் பாதி நடந்தது விருதுநகர்ல, மிச்சப் பாதி நடந்தது எங்க பக்கம். மிச்சப் பாதியை யாரும் ஃபார்வர்டு பண்றதில்லை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பள்ளிக்கூடம் எப்படி வந்தது?

பள்ளிக்கூடத்தோட பேரு க்ஷத்திரிய வித்யாசாலா. வருஷம் 1889. அப்ப ஊர் பேரு விருதுபட்டி. விருதுநகர்னு மாறினது 1923ல தான்.

தெக்க இருந்து வியாபாரத்துக்கு வந்த நாடார்கள் ராமநாதபுரம் சீமையில ஆறு ஊர்ல காலூன்றினாங்க. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தான்குடி. சரக்கைப் பத்திரமா வைக்க ஒவ்வொரு ஊர்லயும் பேட்டை. பேட்டையை நடத்த உறவின்முறை. உறவின்முறைக்குக் காசு எங்கிருந்து? மகமை. பருத்தியோ மிளகாயோ எண்ணெயோ, விக்கிற சரக்குல மூட்டைக்கு இவ்வளவுன்னு பொதுவுக்கு எடுத்து வைக்கணும். கிணறு, மடம், கோயில் எல்லாம் அந்தக் காசுலதான். பள்ளிக்கூடமும் அப்படித்தான்.

இது எந்தச் சூழ்நிலையில நடந்ததுங்கிறதும் முக்கியம். 1897ல கமுதி கோயிலுக்குள்ள நுழைஞ்சதுக்காக இவங்க மேல ராமநாதபுரம் ராஜா தரப்பு வழக்குப் போட்டது. அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908ல தோத்தாங்க. நடுவுல 1899 ஜூன்ல சிவகாசிக் கொள்ளை. ஊரே எரிஞ்சது. கையில காசு இருந்தும் கோயில் வாசல்ல நிறுத்தப்பட்ட கூட்டம், அதுக்கும் முன்னாலயே, 1889லயே பள்ளிக்கூட வாசலைத் தானே கட்டிக்கிச்சு. பேர்ல இருக்கிற அந்த "க்ஷத்திரிய" சும்மா அலங்காரம் இல்ல. எங்களைக் கீழ வைக்காதேன்னு கல்வெட்டுல அடிச்ச பதில் அது.

அடுத்து பிடி அரிசி. உலை வைக்கறப்போ அளந்து எடுத்த அரிசியில இருந்து ஒரு பிடி எடுத்து தனியா கலயத்துல போட்டு வைக்கணும். ஆள் வந்து சேர்த்து வாங்கிட்டுப் போவாங்க. அந்த அரிசியை வித்த காசு பள்ளிக்கூடத்துக்கு. பசங்களுக்கு ஃபீஸ் கிடையாது.

நம்ம புத்திக்கு எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கணும் இல்லியா. ஒரு பிடி 40 கிராம்னு வைங்க. ஆயிரம் வீடு, ஒரு நாளைக்கு ஒரு வேளைன்னு வைங்க. தினம் 40 கிலோ. மாசம் 1200 கிலோ. ஒரு வீட்டுக்கும் வலிக்காது. ஆனா வாத்தியார்களுக்கு மாசா மாசம் சம்பளம் போகும். எவ்வளவு அழகான டிசைன் பாருங்க!

இந்த இடத்துலதான் ஃபார்வர்டு பார்ட்டிங்க வழுக்கி விழறாங்க.

ஒன்று: அது தர்மம் இல்ல

ஊர்ல பொங்கல் சாட்டினா தலைக்கட்டு வரி வாங்குவாங்க, தெரியும்ல? வீட்டுக்கு இவ்வளவுன்னு. நான் நாத்திகன், எனக்குப் பொங்கல் வேண்டாம்னு சொல்லிப் பாருங்க, அப்பத் தெரியும் சேதி. அதை யாராச்சும் நன்கொடைன்னு சொல்றோமா? இல்ல. பேரே வரி.

பிடி அரிசி அந்தத் தலைக்கட்டு வரியோட தங்கச்சி. மகமை இன்னிக்கு நாம கட்டற ஜிஎஸ்டியோட கொள்ளுத்தாத்தா. நிறைய விக்கிறவன் நிறைய கொடுக்கணும், கொஞ்சமா விக்கிறவன் கொஞ்சமா. இஷ்டம் இருந்தா கொடுங்கன்னு யாரும் கெஞ்சலை. உறவின்முறைக்குள்ள இருக்கணும்னா கொடுத்தே ஆகணும்.

நன்கொடைக்கும் வரிக்கும் என்ன பெரிய வித்தியாசம்ங்கறீங்களா?

நன்கொடை கொடுத்தவர் அடுத்த வருஷம் நிறுத்தலாம். மகன் தலையெடுத்ததும் எங்கப்பாவுக்குப் புத்தி இல்லைன்னு சொல்லலாம். வரி நிக்காது.

நன்கொடை கொடுத்தவருக்குக் கல்வெட்டு வேணும். ஆண்டு விழாவுல முன் வரிசை வேணும். அவர் சொல்ற பையனுக்கு சீட்டு வேணும். பிடி அரிசி போட்ட அம்மாவுக்கு எந்தக் கல்வெட்டுலயும் பேர் இல்ல. அதனாலயே அந்தப் பள்ளிக்கூடத்தை எந்தத் தனி ஆளும் என்னோடதுன்னு சொல்ல முடியலை.

முக்கியமானது மூணாவது. நன்கொடையில வாங்கறவன் கை கீழ இருக்கும். வரியில கீழும் இல்ல, மேலும் இல்ல. வர்ற பையன் பிச்சைக்கு வரலை. அவன் அம்மா போட்ட அரிசியில அவன் படிக்கிறான்.

இதை எடுத்துக்கிட்டு வந்து, பாருங்க தர்மத்துலயே பள்ளிக்கூடம் நடந்ததுன்னு சொல்றது எப்படி இருக்குன்னா, கூட்டுறவு பால் சொசைட்டியைக் காட்டி பாருங்க எங்க பண்ணையாரோட தாராளத்தைன்னு சொல்ற மாதிரி.

இரண்டு: அது தனியார் பிசினஸும் இல்ல

இன்னிக்கு நாம தனியார் பள்ளின்னு சொல்றதுக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது. எல்கேஜிக்கே லட்சம் வாங்கி, ஷூவுல இருந்து சாக்ஸ் வரைக்கும் விக்கிற கடையும், ஃபீஸே வாங்காம அரிசியில நடந்த பள்ளிக்கூடமும் ஒண்ணா? ரெண்டுலயும் அரசாங்கம் இல்லைங்கிறது ஒத்துமைன்னா, எங்க வீட்டு மாடும் ரயில் இன்ஜினும் ஒண்ணுதான், ரெண்டும் பெட்ரோல் குடிக்காது :-)

அந்த "அரசாங்கம் இல்ல"ங்கிறதும் பாதிக் கதைதான். அந்தப் பள்ளிக்கூடம் இன்னிக்கு அரசு உதவி பெறும் பள்ளி. அதாவது வாத்தியார் சம்பளம் அரசாங்கப் பணத்துல வருது. பிடி அரிசிக்குப் பிறந்த அந்தப் பள்ளிக்கூடத்தையே நூறு வருஷத்துக்கு மேல தாண்ட வைக்க ஊர் வரி மட்டும் போதலை, நாட்டு வரியும் வேண்டியிருந்தது. இதை அந்த ஃபார்வர்டுல போடச் சொல்லுங்க பார்ப்போம்.

மூன்று: காமராஜர் ஏன் படிப்பை நிறுத்தினார்?

இதுக்கு ஒரு தனி ஃபார்வர்டு இருக்கு. காமராஜரே படிக்கலை, அப்புறம் எதுக்கு டிகிரின்னு. படிச்சு முடிச்சு வேலை கிடைக்காம இருக்கிற பையன்கிட்ட இதைச் சொல்றவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

1903ல பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பா குமாரசாமி போயிட்டார். பாட்டி பார்வதி அம்மாளும் அம்மா சிவகாமி அம்மாளும்தான் வளர்த்தாங்க. பன்னிரண்டு வயசு வாக்குல பள்ளிக்கூடம் நின்னு போச்சு. மாமா துணிக்கடையில வேலை.

கவனிங்க. அவர் படிச்சது ஃபீஸ் இல்லாத பள்ளிக்கூடம். அவர் வீட்டு ஊர்லயே இருந்தது. அவர் சாதிக்காரங்க நடத்தினது. மூணு வசதியும் இருந்தும் அவரால படிக்க முடியலை. ஏன்? அப்பா இல்லாத வீட்டுல ஒரு பையன் பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருந்தா அந்த நேரத்துக்கு யார் சம்பாதிக்கிறது? பள்ளிக்கூடம் இலவசமா இருக்கலாம். பையனோட பகல் பொழுது இலவசம் இல்ல. அந்த வீட்டுக்கு அது காசு.

படிக்காம முதலமைச்சர் ஆனார்னு கைதட்டறதை விட்டுட்டு, இலவசப் பள்ளிக்கூடத்துலயே ஒரு பையன் ஏன் நிக்க முடியலைன்னு கேட்டா உருப்படியா ஒரு விஷயம் கிடைக்கும். ஃபீஸ் வாங்காம இருந்தா மட்டும் போதாது, சோறு போடணும். 1956ல எட்டயபுரத்துல மதிய உணவுத் திட்டத்தை அவர் தொடங்கி வச்சார். எட்டயபுரம் எங்க இருக்கு? இதே தீப்பெட்டிச் சீமையில. அதுக்கு முன்னாடி 1920ல தியாகராய செட்டியார் காலத்துல சென்னை மாநகராட்சிப் பள்ளியில மதியச் சோறு போட்டிருக்காங்க. ஆனா மாகாணம் முழுக்கன்னு போனது 1956க்கு அப்புறம்தான்.

பள்ளிக்கூடத்துக்காக வீட்டு உலையில இருந்து எடுத்த அரிசி, பள்ளிக்கூடத்து உலையில விழுந்து பிள்ளை தட்டுக்கு வந்தது. ரெண்டும் ஒரே கணக்கு. வித்தியாசம், முன்னது ஒரு உறவின்முறையோட அரிசி. பின்னது எல்லாரோட அரிசி.

நான்கு: சாதிப் பள்ளிக்கூடம்தானேன்னு சொல்றவங்களுக்கு

இன்னொரு பக்கத்துல இருந்து வர்ற ஆளுங்க. நம்ம சகபதிவர்கள்லயே ரெண்டு மூணு பேர் இருக்காங்க, பேர் சொல்லலை. அது ஒரு சாதி தனக்காகக் கட்டிக்கிட்டது, அதுல நமக்கென்னய்யா பெருமைன்னு கேக்கறாங்க.

பாதி சரி. பின்னாடி எல்லாச் சாதிப் பிள்ளைங்களும் அங்க படிச்சாங்கங்கிறது இருக்கட்டும். ஆனா கோயில் வாசல்ல தள்ளி நிறுத்தப்பட்டவன் தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்டினதையும், ஏற்கெனவே எல்லாம் வச்சிருக்கிறவன் தனக்கு மட்டும்னு வேலி போட்டதையும் ஒரே தராசுல நிறுத்தறது அநியாயம். ரெண்டுலயும் சாதி இருக்கு. ஒண்ணுல அடி வாங்கினவனா இருக்கு, இன்னொண்ணுல அடிச்சவனா இருக்கு.

சரியான பாதி என்னன்னா, எவன் வரி கொடுத்தானோ அவன் ஊர் வரைக்கும்தான் அந்தப் பள்ளிக்கூடத்தோட கை நீண்டது. உறவின்முறை எல்லை எங்க முடியுதோ அங்க பிடி அரிசி நின்னுடுச்சு. மகமை கட்ட வியாபாரம் வேணும். பிடி அரிசி போட வீட்டுல அரிசி வேணும். கரிசக்காட்டுல கம்பும் சோளமும் குடிச்சுக்கிட்டு கூலிக்குப் போன வீட்டுல எந்த அரிசியைப் பிடிக்கிறது?

அந்தக் கூலி வீடுகள் எங்க பக்கம்தான் இருந்தது. இப்ப மிச்சப் பாதிக்கு வர்றேன்.

ஆமத்தூர் பக்கம் வந்த வண்டி

1920களோட தொடக்கத்துல சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். மழை பொய்க்கிற பூமிக்கு அது வரப்பிரசாதம். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. நேரு குட்டி ஜப்பான்னு சொன்னதா எங்க பக்கம் டீக்கடைக்கு டீக்கடை பெருமையாப் பேசுவாங்க.

அந்தக் குட்டி ஜப்பான்ல குட்டிங்கிற வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. கட்டை அடுக்கறதுக்கு சின்ன விரல் தோதானது. சட்டத்துல குச்சியை ஒவ்வொண்ணா அடுக்கணும். பெட்டி ஒட்டறது குரோஸ் கணக்கு. எத்தனை குரோஸோ அத்தனை காசு. விடியறதுக்கு முன்னாடி மூணு மணி, நாலு மணிக்கெல்லாம் ஆபீஸ் வண்டி ஊருக்கு ஊர் வந்து பிள்ளைங்களை அள்ளிக்கிட்டுப் போகும், பொழுது சாஞ்சுதான் கொண்டாந்து விடும். (எங்க பக்கம் ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். கேக்கறதுக்கு ஃபேன் ஓடற வேலை மாதிரி இருக்கும்.) 1983ல ஸ்மிது கோத்தாரி எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில எழுதின கட்டுரை இதைத்தான் நாட்டுக்குச் சொன்னது.

எங்க அம்மா அந்த வண்டியில ஏறினவங்க. அஞ்சாவதோட சரி. ஆபீஸ் பேரெல்லாம் வேண்டாம், அவங்க ஒருத்தர் மட்டுமா ஏறினாங்க. இன்னிக்கும் அவங்க வலது கை கட்டை விரல் ஓரம் காய்ப்புக் காய்ச்சிருக்கும். கையெழுத்துப் போடுவாங்க, பஸ் போர்டு படிப்பாங்க. ரேஷன் கடையில பில்லுல எழுதியிருக்கிறதை என்கிட்ட ஒரு தடவை காட்டிச் சரி பார்த்துக்குவாங்க.

இப்ப என் கேள்வி. க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கும் அம்மா ஏறின இடத்துக்கும் பஸ்ல அரை மணி நேரம்கூட ஆகாது. 1889ல தொடங்கின பள்ளிக்கூடம். பக்கத்துலயே 1947ல செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தாச்சு. 1962ல பொம்பளப் பிள்ளைங்களுக்கு வன்னியப்பெருமாள் கல்லூரியும் வந்தாச்சு. ஊர் நடத்தற கல்விக்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழ்நாட்டுல காட்ட முடியாது. ஆனாலும் 1980கள்ல அந்த வண்டி வந்துச்சு. ஏன்?

ஏன்னா தர்மமோ உறவின்முறை வரியோ தன் ஊரைத்தான் பார்க்கும். அது அதோட குத்தம் இல்ல, அதோட அளவு அவ்வளவுதான். அடுத்த ஊர்க் கூலிக்காரன் பிள்ளையை வண்டியில இருந்து இறக்கணும்னா, வண்டிக்காரனைவிடப் பெரிய கை வேணும். அது சட்டம், அரசாங்கம்.

அரசாங்கம் யோக்கியமான்னு கேப்பீங்க. இல்ல. கைத்தொழில்னு சொல்லி இதே தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சலுகை கொடுத்தது அரசாங்கம்தான். மிஷின் போட்டவனுக்கு வரி கூட, கையால செய்யறவனுக்குக் குறைச்சல். அந்தக் "கை" எத்தனை வயசுக் கைன்னு ரொம்ப நாள் யாரும் கேக்கலை. 1953ல ராஜாஜி ஒரு திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துல பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். எங்க பக்கம் அது எப்படி முடிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. காலையில அ, ஆ. மத்தியானம் கட்டை அடுக்கு. 1954ல காமராஜர் வந்ததும் அது போச்சு, நல்லவேளை.

ஆனா ஒண்ணு. அரசாங்கம் தப்புப் பண்ணா அதைக் கேக்க ஒரு இடம் இருக்கு. 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம். எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைங்களுக்காகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 10 தீர்ப்புல ஆபத்தான தொழில்ல வேலைக்கு வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னாங்க. பிள்ளை படிக்கணும், வீட்டுல பெரியவங்க ஒருத்தருக்கு வேலை கொடுக்கணும், முடியலைன்னா அரசாங்கம் தன் பங்குக்கு 5,000 போடணும்னு சொன்னாங்க. பிள்ளையோட பகல் பொழுதுக்கு விலை உண்டுன்னு கோர்ட்டே ஒத்துக்கிட்ட தீர்ப்பு அது. ஒரு தர்மவானை எதிர்த்து இப்படி ஒரு தீர்ப்பு வாங்க முடியுமா? நீ ஏன் இந்த வருஷம் நன்கொடை தரலைன்னு ரிட் போட முடியுமா?

1982ல எம்ஜிஆரோட சத்துணவு. பஸ் பாஸ், சைக்கிள், நோட்டு, செருப்பு. ஒவ்வொண்ணா வந்தப்போ டவுன்காரங்க ஓசின்னு சிரிச்சாங்க. ஒவ்வொண்ணும் அந்த வண்டியோட ஒரு டயரைப் பிடுங்கின ஆணிங்க அதெல்லாம். எங்க வீட்டுல நான் முதல் பட்டதாரி. அரசாங்கப் பள்ளிக்கூடம், சத்துணவு, முதல் பட்டதாரி சலுகையில இன்ஜினியரிங். இதுல எந்த இடத்துல எந்தத் தர்மவான் வந்தார்னு எனக்கு ஞாபகம் இல்ல.

வண்டி வந்த அதே மாவட்டம்தான் பிளஸ் டூ தேர்ச்சியில பல வருஷம் முதலிடம். 2017லயும் 2018லயும் கூட நாங்கதான். மார்க் மட்டுமே படிப்பான்னு கேக்கலாம், அது வேற பதிவு. ஆனா ஒரு தலைமுறையில தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில இருந்து முதலிடத்துக்கு வந்தது மந்திரத்துல நடக்கலை.

கம்பெனி பார்த்துக்கும்னு சொல்றவங்களுக்கு

தர்மவான் வேண்டாம், கம்பெனிகிட்ட கொடுப்போம், அவங்ககிட்ட சிஎஸ்ஆர் பணம் இருக்குன்னு அடுத்த கோஷ்டி. இதுக்குப் பதில் விருதுநகர்ல இல்ல, கோலார்ல இருக்கு.

கோலார் தங்க வயல். 1880ல ஜான் டெய்லர் கம்பெனி இறங்கினதுல இருந்து சுரங்கத்துக்குள்ள இறங்கின கூட்டத்துல பெரும்பாலானவங்க வட ஆற்காடு, தர்மபுரி பக்கத்துத் தமிழ் ஜனம். வீடு கம்பெனி வீடு. ஆஸ்பத்திரி கம்பெனி ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடமும் கம்பெனியைச் சுத்தி. 1902லயே சிவசமுத்திரத்துல இருந்து கரண்டு வந்த ஊர். பெங்களூருக்கே அப்புறம்தான். கம்பெனி இவ்வளவு நல்லாப் பார்த்துக்கும்போது வேற எதுக்குன்னு அங்கயும் நினைச்சிருப்பாங்க.

2001 பிப்ரவரி 28. சுரங்கத்தை மூடினாங்க. தங்கத்தோட அளவைவிட அதை எடுக்கிற செலவு ஜாஸ்தின்னு கணக்கு. கம்பெனியோட சேர்ந்து கம்பெனி கொடுத்ததெல்லாம் ஆட்டம் கண்டது. ஆஸ்பத்திரி மூடியாச்சு. அந்த ஊர்ப் பிள்ளைங்க இன்னிக்கு விடியக்காலையில ரயில் பிடிச்சுப் பெங்களூருக்கு வேலைக்கு வந்துட்டு ராத்திரி திரும்பறாங்க. என் டீம்லயே ஒருத்தர் இருக்கார். எங்க அம்மாவுக்கு விடியக்காலை வண்டி, அவருக்கு விடியக்காலை ரயில்.

நம்ம பாஷையில சொன்னா இது டிபென்டென்சி பிரச்சினை. பள்ளிக்கூடத்தைக் கொண்டு போய் ஒரு கம்பெனியோட லாப நஷ்டக் கணக்குல இணைச்சா, அங்க நஷ்டம் வந்த அன்னிக்கு இங்க மணி அடிக்காது. பட்டாசுத் தொழிலுக்கு ஒவ்வொரு வருஷமும் கோர்ட்டுல கேஸ், டெல்லியில தடை, பேரியத்துக்குத் தடை. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பட்டாசு ஆபீஸ் தத்து எடுத்தா, தீபாவளி டல்லடிச்ச வருஷம் ஏழாங்கிளாஸுக்கு வாத்தியார் வருவாரா?

இது கற்பனைப் பயம் இல்ல. 2025 ஜனவரியில, 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுக்கப் போறதா செய்தி வந்து எவ்வளவு கலாட்டா ஆச்சு! தத்து இல்ல, உதவி மட்டும்தான்னு அமைச்சர் விளக்கம் கொடுத்தார். விளக்கம் கொடுக்க வேண்டி வந்ததே, அந்த வார்த்தை எவ்வளவு சுலபமா வாயில வருதுங்கிறதுக்கு சாட்சி. அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளையைத்தான் தத்து எடுப்பாங்க. அரசுப் பள்ளிக்கு நாம ஏழு கோடிக்கு மேல பேர் இருக்கோம்.

அப்ப ஊர்க்காரன் உதவவே கூடாதா?

தாராளமா உதவணும். இதுக்கும் பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்தப்போ 1958ல கடம்பத்தூர்ல தொடங்கி ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினாங்க. ஊர்க்காரங்க பெஞ்சு, மணி, கடிகாரம், கட்டடம், நிலம்னு கொண்டாந்து குவிச்சாங்க. ஆனா வாத்தியார் சம்பளத்தை ஊர் தலையில கட்டலை. அது அரசாங்கம். சுவர் இடிஞ்சா ஊர் கட்டும், பள்ளிக்கூடம் நிக்கிறது வரிப் பணத்துல. இந்த வரிசை மாறக் கூடாது.

2022 செப்டம்பர்ல மதுரையில தொடங்கின காலை உணவையும் இந்த வரிசையிலதான் வைக்கிறேன். விடியக்காலையில வெறும் வயித்தோட வண்டி ஏறின தலைமுறைக்குப் பேரன் பேத்திங்க பள்ளிக்கூடத்துல உப்புமா சாப்பிடறாங்க. அதைப் பார்த்து வரிப் பணம் வீணாப் போகுதுன்னு புலம்பறவர், அடுத்த மெசேஜ்லயே பிடி அரிசிப் பெருமையை அனுப்பறார். அய்யா, பிடி அரிசி வேற என்னங்கய்யா? அது வரிப் பணம். இது அரிசி. பேரை மட்டும் மாத்திப் போட்டிருக்கு.

ஆகவே மக்களே, அடுத்த ஜூலை 15ல அந்த ஃபார்வர்டு வந்தா டெலிட் பண்ணாதீங்க. அனுப்பினவர்கிட்ட மூணு கேள்வி மட்டும் கேளுங்க. பிடி அரிசி போட மாட்டேன்னு அந்த ஊர்ல யாராச்சும் சொல்ல முடிஞ்சிருக்குமா? அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னிக்கு வாத்தியாருக்குச் சம்பளம் யார் தர்றாங்க? அதே காலத்துல பக்கத்து ஊர்ல வண்டி ஏறின பிள்ளையை யார் இறக்கினாங்க?

மூணுக்கும் பதில் சொல்லிட்டு அப்புறம் அரசாங்கம் வேண்டாம்னு சொல்லட்டும். நான் ஆமத்தூர் பஸ் ஸ்டாப்புல நின்னு கேட்டுக்கறேன்.

டிஸ்கி 1: இது எந்தச் சாதிக்கும் ஜால்ரா இல்ல, எந்தச் சாதி மேலயும் கல் இல்ல. பின்னூட்டத்துல அந்தக் கும்மி மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

டிஸ்கி 2: உங்க ஊர்ப் பள்ளிக்கூடம் யார் காசுல வந்தது, யார் காசுல நிக்குதுன்னு விசாரிச்சு ஒரு பதிவு போடுங்களேன். கல்வெட்டுல இருக்கிற பேரை விட்டுட்டு, இல்லாத பேரைத் தேடுங்க. தொடர் பதிவா வச்சுக்கலாம். யாரையும் கூப்பிடலை, எல்லாரும் வாங்க.